கடிதத்தைத் தானே பிரிக்க முடியாத ஆட்சியாளர்: வெனிஸின் டோஜ் எப்படி வாழ்ந்தார்?

வெனிஸ் குடியரசின் தலைவருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. உறையின் மேல் அவர் பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் ஆலோசகர்கள் கூட இல்லாமல் அவர் அதைப் பிரிக்கக் கூடாது. பதிலைத் தனியாக எழுதவும் கூடாது. தூதர் ஒருவர் வந்தால் அவரோடு தனியறையில் பேசக் கூடாது. ஊரை விட்டு வெளியே போக அனுமதி வாங்க வேண்டும். இத்தனைக்கும் அவர் உடுத்துவது பொன்னிழைப் பட்டு. நாணயத்தில் இருப்பது அவர் பெயர். சட்டங்களும் உடன்படிக்கைகளும் அவர் பெயரில்தான் வெளியாகின்றன. வெளிநாட்டார் அவரை மன்னர்களுக்குச் சமமாக மதித்து விளிக்கிறார்கள். அவருடைய பதவியின் பெயர் டோஜ்.

'டூக்ஸ்' என்ற லத்தீன் சொல்லின் வெனிசிய வடிவம் அது. வழிநடத்துபவர், படைத்தலைவர் என்று பொருள். ஆங்கிலத்தின் 'டியூக்', இத்தாலியனின் 'டூச்சே' இரண்டும் அதே வேரிலிருந்து வந்தவை. தொடக்கத்தில் டோஜ் என்பவர் பைசாந்தியப் பேரரசின் ஒரு மூலையில், உப்பங்கழித் தீவுகளைப் பார்த்துக்கொண்ட அதிகாரி. முதல் டோஜ் 697இல் பதவியேற்றார் என்பது மரபுக் கதை. வரலாற்றாசிரியர்கள் நம்பிச் சொல்லும் முதல் பெயர் 726 வாக்கில் வந்த ஓர்சோ. கடைசி டோஜ் 1797இல் இறங்கினார். மரபுக் கணக்கில் மொத்தம் 120 பேர்.

பதவி ஆயுளுக்கும் உரியது, ஆனால் பரம்பரையாக வருவதல்ல. இது எளிதில் அமைந்துவிடவில்லை. முதல் சில நூற்றாண்டுகளில் டோஜ்கள் தம் மகன்களை இணை ஆட்சியாளர்களாக உட்காரவைத்துப் பதவியைக் குடும்பச் சொத்தாக்கப் பார்த்தார்கள். 976இல் நான்காம் பியெத்ரோ காந்தியானோ அப்படி அளவு மீறிப் போனபோது மக்கள் கொதித்தெழுந்து அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். டோஜைக் கொன்றார்கள். தீ பக்கத்திலிருந்த புனித மார்க்கு ஆலயத்தையும் தின்றது. 1032இல் இணை ஆட்சியாளர் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். அதற்குப் பிறகு வெனிஸ் எழுதிய விதிகள் அனைத்துக்கும் அடியில் ஒரே அச்சம்தான் ஓடுகிறது: இந்த மனிதர் மன்னராகிவிடக் கூடாது.

ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் பத்துச் சுற்று

முதலில் யாருக்கு ஓட்டு என்பதைப் பார்த்துவிடலாம். 1297இல், வெனிஸ் பிரபுக்கள் கூடும் பெருஞ்சபையின் கதவு சாத்தப்பட்டது. அதாவது, அன்று உள்ளே இருந்த குடும்பங்களுக்கும் பிறகு சேர்க்கப்பட்ட சிலவற்றுக்கும் மட்டுமே அரசியல் உரிமை என்று ஆனது. 1506 முதல் இந்தக் குடும்பங்களின் பிறப்புகளைத் 'தங்கப் புத்தகம்' என்ற பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருஞ்சபையில் உட்காரத் தகுதி பெற்ற ஆண்கள் சுமார் 2500 பேர். மற்ற வெனிசியர்களுக்கு, பெண்கள் அனைவரும் உட்பட, ஓட்டு இல்லை. குடியரசு என்ற சொல்லை இன்றைய பொருளில் எடுத்துக்கொண்டால் குழம்பிவிடுவோம்.

டோஜ் இறந்ததும் தேர்தல் வேலை தொடங்கும். 1268இல் லோரென்ஸோ தியெப்போலோவைத் தேர்ந்தெடுக்க முதன்முதலாகப் பயன்பட்ட முறை, ஏறத்தாழ அப்படியே 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது. ஆலோசகர்களில் வயதில் இளையவர் ஆலயத்துக்குப் போய் வேண்டிக்கொண்டு, வெளியே சதுக்கத்தில் கண்ணில் படும் முதல் சிறுவனைக் கூட்டிவருவார். 'பலோத்தினோ', அதாவது உருண்டைப் பையன், அவன்தான். கலத்துக்குள் கைவிட்டு உருண்டைகளை எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. எந்தக் கட்சியிலும் சேராத கை என்பதால்தான் தெருப்பையன். பிறகு புதிய டோஜின் ஊர்வலங்களில் அவனுக்கும் ஓர் இடம் உண்டு.

அடுத்து வருவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். பெருஞ்சபையில் 30 வயதைத் தாண்டியவர்கள் கூடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் உருண்டை. அடையாளம் உள்ளவை 30 மட்டும். இப்படிக் குலுக்கலில் 30 பேர் வருகிறார்கள். ஒருவருக்கு அடையாள உருண்டை விழுந்தால் அவர் குடும்பத்தார் மற்றவர்கள் ஒதுங்கிவிட வேண்டும். இந்த 30 பேரை இன்னொரு குலுக்கல் 9 ஆக்கும். அந்த 9 பேர் கூடி 40 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். 40இல் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 7 பேரின் ஆதரவு வேண்டும். 40 பேர் குலுக்கலில் 12 ஆகச் சுருங்குவார்கள். 12 பேர் 25 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆளுக்கு 9 ஓட்டு வேண்டும். 25 குலுக்கலில் 9 ஆகும். அந்த 9 பேர், ஆளுக்கு 7 ஓட்டு என்ற கணக்கில், 45 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். 45 குலுக்கலில் 11 ஆகும். 11 பேர், ஆளுக்கு 9 ஓட்டு வீதம், 41 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த 41 பேர்தான் கடைசியில் டோஜைத் தேர்ந்தெடுப்பவர்கள். 25 ஓட்டு பெற்றவர் டோஜ்.

ஐந்து குலுக்கல், ஐந்து தேர்தல். கிறுக்குத்தனமாகத் தெரிந்தாலும் கணக்கு தெளிவானது. காசு கொடுத்து ஓட்டு வாங்க நினைப்பவருக்கு முதலில் யாரிடம் கொடுப்பது என்று தெரிய வேண்டும். குலுக்கல் அதைத் தெரியாமல் செய்கிறது. வெறும் குலுக்கலாகவே விட்டால் தகுதியில்லாதவர் உள்ளே வந்துவிடலாம். அதைத் தேர்தல் தடுக்கிறது. 9இல் 7, 11இல் 9 என்ற உயர்ந்த வரம்பு இருப்பதால், சிறு பெரும்பான்மை ஒன்று தன் ஆட்களை மட்டும் நிரப்பிவிட முடியாது. எதிர்த்தரப்போடு பேசித்தான் ஆக வேண்டும். பெரிய கட்சிக்கு வாய்ப்பு அதிகம், ஆனால் வெற்றி உறுதியில்லை. சிறிய கட்சிக்கும் கொஞ்சம் நம்பிக்கை மிஞ்சும். தோற்றவன் கத்தியை உருவாமல் வீட்டுக்குப் போக அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்தது.

41 என்ற ஒற்றைப்படை எண்ணுக்கும் காரணம் உண்டு. அதற்கு முன்னால் தேர்ந்தெடுப்பவர்கள் 40 பேர்தான். 1229இல் ஓட்டு 20க்கு 20 என்று நின்றுவிட்டது. சீட்டுப் போட்டு யாகோப்போ தியெப்போலோவை அறிவித்தார்கள். பிறகு ஒருவரைக் கூட்டிக்கொண்டார்கள்.

41 பேரையும் அரண்மனைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் ஒரு பெயர் எழுதிப் போட வேண்டும். ஒரு பெயரை எடுத்ததும், அவர் அறையிலேயே இருந்தால் வெளியே அனுப்பிவிட்டு, அவர்மேல் உள்ள குறைகளை வாய்விட்டுப் பேசுவார்கள்: கடன், குணம், உடல்நிலை, பிள்ளைகள். பிறகு உள்ளே கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள். அதன் பின் ஓட்டு. ஓட்டுப் போடுவது துணி உருண்டையால். அது விழும்போது சத்தம் கேட்காது. எந்தப் பெட்டியில் விழுந்தது என்று காதால் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி. 'பாலட்' என்ற ஆங்கிலச் சொல் இந்த உருண்டையின் இத்தாலியப் பெயரிலிருந்து வந்ததுதான்.

இத்தனை பூட்டுப் போட்டும் திருடன் வரத்தான் செய்தான். அரண்மனையை ஒட்டிய சிறு சதுக்கத்தில் பிரபுக்கள் உலாவிக்கொண்டே ஓட்டுக் கேட்பார்கள். அந்த இடத்துக்கும் வேலைக்கும் ஒரே பெயர், 'ப்ரோலியோ'. குலுக்கலைக் கெடுக்க முடியாதவர்கள் தேர்தல் சுற்றுகளைப் பிடித்தார்கள். கடைசி 11 பேரில் 9 பேர் கைக்குள் வந்துவிட்டால் 41ஐ நிரப்பிவிடலாம் அல்லவா? 1676இல் ஜியோவான்னி சாக்ரெதோ தேர்வாவது ஏறக்குறைய முடிந்துபோன செய்தியாக இருந்தது. சதுக்கத்தில் கூட்டம் கூச்சல் போட, பெருஞ்சபை அந்த 41 பேரை ஏற்க மறுத்துவிட்டது. வேறு 41 பேர் வந்து அல்விசே கொந்தாரினியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டே இல்லாத கூட்டத்துக்கும் சில நாள் பேச்சு இருந்திருக்கிறது.

கிழவர்களையே ஏன் உட்காரவைத்தார்கள்?

1400 முதல் 1600 வரை தேர்வான டோஜ்களின் சராசரி வயது 70ஐத் தாண்டியது. 1521இல் தேர்வான அந்தோனியோ கிரிமானிக்கு 87 வயது இருக்கும். இவர் 1499இல் ஸோன்கியோ கடற்போரில் துருக்கியரிடம் தோற்றதற்காக நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்தவர். வயதானவரை எடுத்தால் நீண்ட நாள் இருக்க மாட்டார், தன் பரம்பரையை ஊன்ற அவகாசம் கிடைக்காது என்பது ஒரு கணக்கு. அனுபவம் என்பது இன்னொன்று. பெரும்பாலோர் கடற்படைத் தளபதி, தூதர், கைப்பற்றிய நகரங்களின் ஆளுநர் என்று எல்லாப் படியும் ஏறி, கடைசியில் புனித மார்க்கின் பொறுப்பாளர் என்ற பெரும்பதவியிலிருந்து டோஜ் நாற்காலிக்கு வந்தவர்கள்.

தேர்வானவர் வேண்டாம் என்று மறுக்க முடியாது. தானாக விலகவும் முடியாது. பெயர் அறிவித்ததும் ஆலயத்தில் மக்களுக்கு அவரைக் காட்டுவார்கள். பழைய வாசகம், 'இவர் உங்கள் டோஜ், உங்களுக்குச் சம்மதமானால்' என்று இருந்தது. 1423இல் பிரான்செஸ்கோ போஸ்காரி வந்தபோது பின்பாதியை வெட்டிவிட்டார்கள். அதே காலத்தில் பொதுமக்கள் கூட்டமும் ஒழிந்தது. ஆலயத்திலிருந்து வெளியே வந்ததும், கிணற்றுத் தொட்டி போன்ற ஒரு மர இருக்கையில் புதிய டோஜை உட்காரவைத்து, கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் தோளில் தூக்கிச் சதுக்கத்தைச் சுற்றி வருவார்கள். அவர் காசை வாரி இறைப்பார். பிறகு அரண்மனை முற்றத்தில், செவ்வாய், நெப்டியூன் சிலைகள் நிற்கும் படிக்கட்டின் உச்சியில் முடிசூட்டு. முடி என்பது உலோகக் கிரீடம் அல்ல. பின்பக்கம் கொம்பு போல மேலெழும் விறைப்பான தொப்பி அது. 'கொர்னோ' என்று பெயர். அதற்கடியில் மெல்லிய வெள்ளைத் துணிக்குல்லா ஒன்று எப்போதும் தலையில் இருக்கும். மணிகள் பதித்த கொர்னோ பெருநாட்களுக்கு மட்டும்.

வாக்குறுதிச் சாசனம்

டோஜின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு காகிதத்தைப் பார்க்கச் சொன்னால், நான் 'ப்ரொமிஸ்ஸியோனே' என்ற வாக்குறுதிச் சாசனத்தைத்தான் காட்டுவேன். பதவியேற்கும்போது அவர் சத்தியம் செய்து ஏற்கும் விதிகளின் தொகுப்பு அது. ஒவ்வொரு டோஜ் இறந்ததும் 'திருத்துநர்கள்' என்ற குழு கூடி, போனவர் எந்த ஓட்டை வழியாக நுழைந்தார் என்று பார்த்து, அதை அடைத்து, புதிய பதிப்பை எழுதும். இந்தக் குழு 1229இல் ஏற்பட்டது. ஆகவே சாசனம் தடித்துக்கொண்டே போனது. ஒவ்வொரு புது விதிக்குப் பின்னாலும் யாரோ ஒரு பழைய டோஜின் குறும்பு ஒளிந்திருக்கிறது.

பரிசு வாங்கக் கூடாது. பூ, மணமூலிகை, பன்னீர் போன்ற அற்பப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு. வெனிஸ் ஆட்சிக்கு வெளியே நிலம் வைத்திருக்கக் கூடாது. பிள்ளைகள் அனுமதியின்றி வெளிநாட்டு வீடுகளில் சம்பந்தம் செய்யக் கூடாது. டோஜின் மகன்களுக்குப் பெரும்பாலான அரசுப் பதவிகள் கிடையாது. குடும்பச் சின்னத்தை அரண்மனைக்கு வெளியே மாட்டக் கூடாது. உள்ளேகூட அவருடைய தனி வாசப்பகுதியில் 'கேடய அறை' என்ற ஒன்றில்தான் அது தொங்கும்.

நாணயத்திலும் இதே கதை. 1470களின் தொடக்கத்தில் நிக்கோலோ த்ரோன் என்ற டோஜ் வெள்ளிக் காசில் தன் முகத்தைப் பொறித்துவிட்டார். மற்ற இத்தாலிய நாடுகளின் சிற்றரசர்கள் எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவர் போனதும் வெனிஸ் அதைத் தடை செய்தது. 1284இலிருந்து அச்சிட்ட டுகாட் தங்கக் காசில் டோஜ் வருவார்தான், ஆனால் புனித மார்க்கின் முன் மண்டியிட்டு, அவர் கையிலிருந்து கொடிக்கம்பை வாங்கிக்கொள்பவராக. ஏறக்குறைய 3.5 கிராம் எடை, கலப்பில்லாத பொன். 500 ஆண்டு எடையும் மாறவில்லை, படமும் மாறவில்லை. மிளகு வணிகத்தோடு அது நம் தென்கரைக்கும் வந்து கொட்டியது. திருவிதாங்கூர்ப் பக்கம் அதற்குச் சாணார்க்காசு என்று ஒரு பெயர் இருந்ததைப் பழைய பதிவுகள் சொல்கின்றன. கொடிக்கம்பைப் பனைமரமாகவும் டோஜை அதில் ஏறப்போகும் பனையேறியாகவும் நம்மவர்கள் கண்டார்களாம். அந்தக் காசை ஒருமுறை பார்த்தவர்கள் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

காலை முதல் மாலை வரை

வேலை காலையில் தொடங்கும். டோஜைச் சுற்றி ஆறு ஆலோசகர்கள், நகரின் ஆறு வட்டங்களுக்கும் ஒருவர் வீதம். அவர்களோடு நாற்பதின்மர் நீதிமன்றத்தின் தலைவர்கள் மூவர். இந்தப் பத்துப் பேர் சேர்ந்ததுதான் 'சின்யோரியா'. வெளியுறவு, போர், நிலப்பகுதி, கடல் எனத் துறை பார்க்கும் 16 'சாவி'கள், அதாவது விவேகிகள், இவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தால் அது முழுக் கொலீஜியம். தூதர்களின் ஓலைகள் இங்கே வாசிக்கப்படும். வெளிநாட்டுத் தூதர் வந்தால் டோஜ் அன்பாக வரவேற்று, நலம் விசாரித்து, பிடிகொடுக்காமல் நாலு வார்த்தை பேசுவார். உண்மையான பதில் செனட் ஓட்டெடுத்த பிறகுதான் கிடைக்கும். புதிதாக வந்த தூதர்களுக்கு இது எரிச்சலூட்டியது. மன்னரிடம் பேசிக் காரியம் முடிக்கப் பழகியவர்கள் அவர்கள்.

பிறகு செனட், ஞாயிற்றுக்கிழமைகளில் பெருஞ்சபை, தேசத்துரோக வழக்குகளைப் பார்க்கும் பதின்மர் குழு. எல்லாவற்றிலும் டோஜ் உட்காருவார். பதின்மர் குழு பெயருக்குத்தான் பத்து. டோஜும் ஆறு ஆலோசகர்களும் சேரும்போது 17.

அரண்மனை பெரிது. ஆனால் அதில் பெரும்பகுதி சபைகளும் நீதிமன்றங்களும் அலுவலகங்களும் சிறையும்தான். டோஜ் குடியிருந்தது ஒரு பகுதியில் சில அறைகள். கட்டில், மேசை, திரைச்சீலை எல்லாம் அவர் சொந்த வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். இறந்ததும் குடும்பத்தார் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். வாடகை வீட்டுக்காரர் நிலைமைதான்.

சம்பளம் உண்டு, ஆனால் போதாது. புனித மார்க்கு நாள், விண்ணேற்பு நாள், புனித வீத்து நாள், புனித ஸ்தேவான் நாள் என்று ஆண்டுதோறும் பெரிய விருந்துகள் அவர் தலையில். பண்டிகைக்குப் பெருஞ்சபை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் காட்டு வாத்துகள் அனுப்ப வேண்டும் என்பது இன்னொரு கடன். உறுப்பினர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். கழியில் இறங்கும் வாத்துகள் பெருகவில்லை. கொழுத்த வாத்து யாருக்கு, மெலிந்தது யாருக்கு என்ற முணுமுணுப்பு வேறு. கடைசியில் 1521இல் கிரிமானி காலத்தில், வாத்துக்குப் பதிலாகக் கால் டுகாட் மதிப்புள்ள வெள்ளிப் பதக்கம் கொடுப்பது என்று முடிவானது. பதக்கத்தின் பெயரும் 'ஒசெல்லா', அதாவது பறவை. இத்தனைச் செலவையும் தாங்க வேண்டியிருந்ததால் பணக்கார வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரும் இந்தப் பதவியை நினைத்தும் பார்க்க முடியவில்லை. ஊழலைத் தடுக்கப் பரிசுகளை நிறுத்திய அதே ஏற்பாடு ஏழைப் பிரபுவை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

டோஜின் மனைவி 'தொகரெஸ்ஸா'. அவருக்கும் தனி முடிசூட்டு விழா சில முறை நடந்தது. 1597இல் மொரோசினா மொரோசினிக்கு நடந்தது மிக ஆடம்பரமானது. 1645இல் அந்த வழக்கத்தையே நிறுத்திவிட்டார்கள்.

ஊர்வலம் இல்லாத மாதம் கிடையாது. எட்டுக் கொடிகள், வெள்ளி எக்காளங்கள், மெழுகுவத்தி, மெத்தை, மடக்கு நாற்காலி, குடை, வாள் எல்லாம் வரிசைப்படி வரும். வெள்ளைக்கொடி முன்னால் போனால் சமாதானம், சிவப்பு முன்னால் போனால் போர் நடக்கிறது என்று அர்த்தம். சில சடங்குகள் விளையாட்டு போலவே இருக்கும். பிப்ரவரித் தொடக்கத்தில் சாந்தா மரியா ஃபொர்மோசா ஆலயத்துக்குப் போகும் டோஜுக்கு வைக்கோல் தொப்பியும் திராட்சை மதுவும் கொடுப்பார்கள். ஒருகாலத்தில் அந்தப் பேட்டைப் பெட்டிசெய் தச்சர்கள் நகரத்துக்கு ஓர் உதவி செய்து, கைம்மாறாக டோஜ் ஆண்டுதோறும் தங்கள் ஆலயத்துக்கு வர வேண்டும் என்று கேட்டார்களாம். மழை வந்தால் என்ன செய்வது, தாகம் எடுத்தால் என்ன செய்வது என்று டோஜ் இழுத்ததற்கு அவர்கள் சொன்ன பதில்தான் தொப்பியும் மதுவும்.

எல்லாவற்றிலும் பெரியது விண்ணேற்பு நாளில் நடக்கும் கடல் திருமணம். 'புச்சிந்தோரோ' என்ற பொன்முலாம் பூசிய இரண்டடுக்குப் படகில் டோஜ் லீதோ முகத்துவாரம் வரை போய், ஒரு தங்க மோதிரத்தைக் கடலில் போடுவார். 'கடலே, உண்மையும் நிலையுமான ஆளுகையின் அடையாளமாக உன்னை மணக்கிறோம்' என்பது லத்தீன் மந்திரம். 1729இல் வெள்ளோட்டம் விட்ட கடைசிப் புச்சிந்தோரோவுக்கு 42 துடுப்பு, துடுப்புக்கு 4 பேர், ஆக 168 பேர். நீளம் சுமார் 35 மீட்டர். அடி தட்டை, மேல்பாரம் அதிகம், அலையில் நிற்காது. ஆகவே காற்றடித்தால் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள்.

அப்படியானால் அதிகாரமே இல்லையா?

டோஜ் வெறும் பொம்மை என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மற்றவர்களின் பதவிக்காலத்தைப் பார்த்தால் மீதிப் பாதி விளங்கும். பெரிய சாவிகளுக்கு ஆறு மாதம். பதின்மர் குழுவுக்கு ஓராண்டு. முடிந்ததும் இடைவெளி விட்டுத்தான் மறுபடி வர முடியும். எல்லா நாற்காலியும் சுழன்றுகொண்டே இருக்கும் அரசாங்கத்தில், எல்லா அறையிலும் எப்போதும் உட்கார்ந்திருப்பவர் டோஜ் ஒருவர்தான். மூன்று ஆண்டுக்கு முன் பிரான்ஸ் தூதர் என்ன சொன்னார், துருக்கியோடு போட்ட உடன்படிக்கையில் எந்த வரியில் இழுபறி வந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் நினைவிருக்கும். கட்டளையிட முடியாது, பேசி இணங்கவைக்க முடியும். 1523 முதல் 1538 வரை டோஜாக இருந்த அந்திரேயா கிரித்தி கொன்ஸ்தாந்திநோப்பிளில் பல ஆண்டு தானிய வணிகம் செய்தவர், துருக்கியரின் சிறையையும் பார்த்தவர், படைக்கும் போனவர். செனட்டில் அவர் எழுந்து பேசினால் அதற்கு எடை இருந்தது. வெனிஸ் டோஜின் கையைக் கட்டிவிட்டுத் தலையை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டது.

1606இல் போப்பாண்டவர் வெனிஸ் முழுவதையும் திருச்சபை வழிபாட்டிலிருந்து விலக்கியபோது, லியொனார்தோ தொனா வளைந்துகொடுக்காமல் நின்றார். செனட்டும் அதே நிலையில் இருந்ததால் அது சாத்தியமானது. செனட்டும் டோஜும் வேறு திசையில் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1464 சாட்சி. சிலுவைப்போருக்குப் புறப்பட மனமில்லாத கிறிஸ்தோஃபரோ மோரோவைக் கப்பலேற்றியே தீர்த்தார்கள்.

கட்டு அறுந்தபோது

1355இல் மரீன் ஃபாலியேர் கட்டை அறுக்கப் பார்த்தார். எழுபதைத் தாண்டிய அவர், கப்பல் பட்டறை ஆட்களோடும் கடலோடிகளோடும் சேர்ந்து பிரபுக்களைத் தீர்த்துக்கட்டித் தனி ஆட்சி அமைக்கத் திட்டமிட்டார். விஷயம் கசிந்தது. ஏப்ரல் 17இல் அரண்மனைப் படிக்கட்டில் தலை வெட்டப்பட்டது. (இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் இரட்டைச் சிலைப் படிக்கட்டு அல்ல, அது ஒரு நூற்றாண்டுக்கும் பிந்தியது.) பெருஞ்சபை மண்டபத்தில் டோஜ்களின் ஓவிய வரிசையில் அவர் இடத்தில் ஒரு கறுப்புத் திரை மட்டும் வரைந்திருக்கிறது. குற்றங்களுக்காகத் தலை வெட்டப்பட்ட மரீன் ஃபாலியேரின் இடம் இது என்று அதன்மேல் எழுதியிருக்கிறார்கள்.

பிரான்செஸ்கோ போஸ்காரியின் கதை வேறு மாதிரி வலிப்பது. 34 ஆண்டு பதவியில் இருந்தவர். இடையில் விலகுகிறேன் என்றபோது விடவில்லை. மகன் யாகோப்போ 1445இல் பரிசு வாங்கிய குற்றத்தில் சிக்கினான். சாசனத்தின் அதே விதிதான். மீண்டும் மீண்டும் வழக்கு, சித்திரவதை, கிரேத்தா தீவுக்கு நாடு கடத்தல். அங்கேயே 1457 தொடக்கத்தில் இறந்தான். அதன்பின் கிழவர் கூட்டங்களுக்கு வராமல் அறைக்குள் முடங்கினார். போக விடாதவர்களே இப்போது போ என்றார்கள்: அக்டோபரில் பதின்மர் குழு அவரைக் கட்டாயமாக இறக்கியது. நவம்பர் 1இல் இறந்தார்.

விதியை மீறித் தப்பியவரும் உண்டு. 1625இல் வந்த ஜியோவான்னி கொர்னேர் மகன்களுக்குக் கூடாத பதவிகளைச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் கர்தினாலும் ஆனார். இதைச் சபையில் தட்டிக்கேட்ட ரெனியேர் ஸேனோவை 1627 டிசம்பர் இறுதியில் டோஜின் இன்னொரு மகன் அரண்மனைப் பக்கத்திலேயே வெட்டிச் சாய்க்கப் பார்த்தான். ஸேனோ பிழைத்துக்கொண்டார், மகன் நாடு கடத்தப்பட்டான், அப்பா சாகும்வரை டோஜாகவே இருந்தார்.

வெனிஸ் மட்டுமா இப்படி? ஜெனோவாவிலும் டோஜ் உண்டு. 1528 முதல் பதவிக்காலம் இரண்டே ஆண்டு. ஊரைவிட்டுப் போகக் கூடாது என்ற விதி அங்கும் இருந்தது. 1685இல் பதினான்காம் லூயி தன் குண்டுவீச்சுக்குப் பணிந்த ஜெனோவாவின் டோஜை மன்னிப்புக் கேட்க வெர்சாய்க்கே வரவைத்தார். அரண்மனையில் எது உங்களுக்கு வியப்பாக இருக்கிறது என்று கேட்டதற்கு, நான் இங்கே நிற்பதுதான் என்று அவர் சொன்னதாகச் செய்தி. ரகூசா, அதாவது இன்றைய துப்ரோவ்னிக், இன்னும் ஒருபடி மேலே. அங்கே தலைவரின் பதவிக்காலம் ஒரு மாதம்.

சாவுக்குப் பிறகு தணிக்கை

டோஜ் இறந்ததும் அவர் முத்திரை உடைக்கப்படும். சவப்பெட்டியைச் சுற்றிப் பிரபுக்கள் கறுப்புக்குப் பதில் செந்நிற உடையில் உட்காருவார்கள்: மனிதர் போனார், அரசு போகவில்லை. 25 டோஜ்கள் புனித யோவான்-பவுல் ஆலயத்தில் உறங்குகிறார்கள். ஆனால் குடும்பத்துக்கு நிம்மதி உடனே கிடைக்காது. 1501 முதல், மறைந்த டோஜின் மேல் மூன்று விசாரணையாளர்கள் அமர்வார்கள். வாங்கக் கூடாததை வாங்கினாரா, செலவழிக்க வேண்டியதைச் செலவழித்தாரா என்று கணக்குப் பார்த்து, குறை இருந்தால் வாரிசுகளிடம் தண்டம் வசூலிப்பார்கள். பெல்லினியின் ஓவியத்தில் அவ்வளவு அமைதியாக அமர்ந்திருக்கும் லியொனார்தோ லோரெதானின் பிள்ளைகளும் கட்டியிருக்கிறார்கள்.

கடைசி டோஜ் லுதோவிக்கோ மனீன் 1789இல் வந்தார். எட்டே ஆண்டில் நெப்போலியனின் படை கழியின் கரையில் நின்றது. தனியாக முடிவெடுக்காதே என்று நூற்றாண்டுக் கணக்கில் பழக்கிய பதவியில் இருந்தவரால் அன்று தனியாக என்ன செய்திருக்க முடியும்? அவரைக் கோழை என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1797 மே 12இல் பெருஞ்சபை கூடியது. தீர்மானம் செல்ல 600 பேர் வேண்டும். வந்தவர்கள் 537 பேர். வெளியே வேட்டுச் சத்தம் கேட்டது. ஊரைவிட்டுக் கிளம்பும் தால்மாத்தியச் சிப்பாய்கள் கொடுத்த மரியாதை வேட்டு அது. கலவரம் என்று நினைத்துப் பலர் பதறினார்கள். 512 ஓட்டில் குடியரசு தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. மனீன் தம் அறைக்குத் திரும்பி, கொர்னோவுக்கடியில் அணியும் அந்த வெள்ளைக் குல்லாவைக் கழற்றிப் பணியாளரிடம் கொடுத்து, இனி இது எனக்கு வேண்டியிருக்காது என்றார்.